நாரி நோவும் நல்லெண்ணெயும்

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சது. வெங்காய நடுகை முடிஞ்சது பெரிய சந்தோசம். ஆனால் நாரி நோவுக்கு ஆளை ஏறி மிதிக்கச் சொன்னதாய் எழுதினியே, அதைத்தான் என்னால பொறுக்கேலாமல் கிடக்கு. இனி ஒருத்தரையும் முதுகில ஏற விடாதை.

இறுகின தசையை நோக நோக அமத்தினால், அது தன்னைக் காக்க இன்னும் இறுகும். மெதுவான தடவலில்தான் பலன். தோலிலயிருந்து போற தொடு உணர்வு, நோவின்ர சேதியை முள்ளந்தண்டுக்குள்ளயே தணிக்குது. லாக்டிக் அமிலத்தைப் பிழிஞ்செடுக்கிறம் எண்டு சொல்லுறதை நம்பாதை. வேலை முடிஞ்சு ஒண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள அது தானாய்ப் போயிடும். அடுத்தடுத்த நாள் வாற உளைவுக்குக் காரணம் வேறை. அதையும் தடவல் குறைக்கும்.

ரெண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெயைக் கிண்ணத்தோட சுடுதண்ணிக்குள்ள வைச்சு எடு. அடுப்பில நேரை வையாதை. மணிக்கட்டில ஒரு துளி விட்டுப் பார்த்தால் இதமாய் இருக்கோணும். வயித்துக்குக் கீழ தலையணை வைச்சுக் குப்புறப் படு. நாரி வளையாமல் தசை இளகும். தங்கச்சியிட்டச் சொல்லு: முதல் 5 நிமிசம் உள்ளங்கையை விரிச்சு இடுப்பிலயிருந்து மேல தடவோணும். பிறகு முள்ளந்தண்டுக்கு ரெண்டு விரல் தள்ளி, கட்டிப்பட்ட இடத்தில பெருவிரலால அரை நிமிசம் அமத்தி மெதுவாய் விடோணும். எலும்பில கை படக்கூடாது. நீ மூச்சைப் பிடிச்சால் அமத்தினது கூடிப்போச்சு எண்டு அர்த்தம். எல்லாமாய் 20 நிமிசம் போதும். அந்தச் சுகம் கனநேரம் நிக்காது, அதால எழும்பின கையோட ஒழுங்கையில 10 நிமிசம் நட. தைலம் வேணுமெண்டால் கைதடி சித்த வைத்தியசாலையில கேள்.

பெடியன்ர கணுக்கால் உழுக்குக்கு முதல் 3 நாள் எண்ணெயும் வேண்டாம், உருவலும் வேண்டாம். வீக்கம் கூடும். ஐஸைத் துணியில சுத்தி 15 நிமிசம் வை, கிரேப் பண்டேஜ் சுத்தி, காலைத் தலையணையில உயர்த்தி வை. நாலு அடி வைக்கேலாட்டி எக்ஸ்றே எடுக்காமல் விடாதை.

இன்னொண்டு, மச்சான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாய் நொந்தால் தொடவே கூடாது. உள்ளுக்குள்ள இரத்தக்கட்டி இருந்தால் நுரையீரலுக்குப் போயிடும். நாரி நோவோட கால் விறைச்சாலோ சலம் அடைச்சாலோ, அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

பெடியன் எப்பிடி நடக்கிறான் எண்டு உடன எழுது.

அன்புடன்,
உன்ர மச்சான்