சோப்ராவைத் தயாரிப்பாளராகவும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இந்தித் திரைப்படத் தயாரிப்பாளரும் இயக்குநருமான பி.ஆர்.சோப்ராவைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் அதன் பெரும்பகுதி 'மகாபாரத்' தொலைக்காட்சித் தொடருக்கே போய்விட்டது. அதற்கு முன் நாற்பது ஆண்டுகள் அவர் படம் எடுத்துக்கொண்டிருந்த கதை ஒரே பத்தியில் முடிந்துவிட்டது. அந்தப் பத்தியிலும் ஒரு பிழை இருக்கிறது. மதுரையில் ஒரு திரைப்பட விநியோக அலுவலகத்தில் ரெப்பாக, அதாவது பிரதிநிதியாகச் சேர்ந்து, படப்பெட்டியோடு ஊர் ஊராகப் போய், தியேட்டர் மேனேஜர்களிடம் தினசரி வசூல் அறிக்கையான டி.சி.ஆரில் கையெழுத்து வாங்கியே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். சுவரொட்டியில் நடிகரின் முகத்தையும் இயக்குநரின் பெயரையும் பார்ப்பவர்கள், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் தயாரிப்பாளரின் பெயரைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் தொழிலில் முதலில் பார்க்கப்படுவது அந்தப் பெயர்தான்.

முதலில் பிழையைச் சொல்லிவிடுகிறேன். 1960இல் சோப்ரா எடுத்த 'கானூன்' படத்தை 'இந்தியாவின் முதல் பாடலில்லாத பேசும்படம்' என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வடக்கே பலரும் அப்படித்தான் எழுதி வருகிறார்கள். ஆனால் 1954இலேயே ஏவி.எம். தயாரிப்பில், எஸ்.பாலசந்தர் இயக்கத்தில், சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்த 'அந்த நாள்' ஒரு பாடல்கூட இல்லாமல் வெளிவந்துவிட்டது. இந்தியில் அதற்கும் முன்பே 1937இல் வாடியா மூவிடோன் 'நௌஜவான்' என்ற பாடலில்லாத படத்தை எடுத்திருக்கிறது. இதனால் 'கானூ'னின் பெருமை குறைந்துவிடாது. கண்ணால் கண்ட சாட்சியை மட்டும் நம்பி ஒருவனைத் தூக்கிலிடலாமா என்று நீதிமன்றத்துக்குள்ளேயே கேட்ட படம் அது. அந்த வாதத்தின் நடுவே கதாநாயகியைப் பாட வைத்தால் கேள்வியின் கூர்மை போய்விடும் என்று தயாரிப்பாளருக்குத் தோன்றியிருக்கிறது. பாட்டுக்காகவே படத்தை வாங்கிய காலத்தில், பாட்டே இல்லாத படத்தின் ஏரியா உரிமையை, அதாவது ஒரு பகுதியில் திரையிடும் உரிமையை, விற்பது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். பாட்டுப் புத்தகம்கூடப் போட முடியாத படத்தை எந்த விநியோகஸ்தர் தைரியமாகத் தொடுவார்?

அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய தொடக்க காலத்தைத்தான் பார்க்க வேண்டும். 1914இல் பஞ்சாபில் பிறந்து, லாகூரில் ஆங்கில இலக்கியம் படித்து, அங்கேயே 'சினி ஹெரால்ட்' என்ற திரைப்பட இதழை நடத்தியவர் அவர். அடுத்தவர்கள் எடுத்த படங்களைக் குறை சொல்லிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரரை 1947இன் பிரிவினை ஊரைவிட்டே கிளப்பியது. டெல்லி வழியாகப் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். முதலில் தயாரித்த 'கர்வட்' கையைச் சுட்டது. 1951இல் அசோக் குமாரை இரட்டை வேடத்தில் நடிக்க வைத்து, தானே இயக்கிய 'அஃப்சானா'தான் அவரை நிலைநிறுத்தியது. 1955இல் பி.ஆர்.ஃபிலிம்ஸைத் தொடங்கியதும், விதவை மறுமணம், விலைமாதின் வாழ்க்கை, மணமாகாமல் பிறந்த குழந்தை என்று, மற்றவர்கள் ஒரு வசனத்தோடு தாண்டிப் போகும் விஷயங்களையே ஒவ்வொன்றாக முழுப் படமாக எடுத்தார். தலையங்கம் எழுதிய கை வேறு எதை எழுதும் என்றுதான் நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1957இல் வந்த 'நயா தௌர்' படத்தைக் கட்டுரையாளர் பெயரளவில் மட்டுமே குறிப்பிட்டிருக்கிறார். குதிரை வண்டிக்காரன் பேருந்தோடு பந்தயம் விடும் அந்தக் கதையை ஸ்டுடியோ செட்டுக்குள் எடுக்க முடியாது என்று சோப்ரா முடிவு செய்து, போபால் பக்கம் வெளிப்புறப் படப்பிடிப்புக்கு ஏற்பாடு செய்தார். கதாநாயகியாக ஒப்பந்தமாகி முன்பணமும் பெற்றிருந்த மதுபாலாவை அங்கே அனுப்ப அவருடைய தந்தை மறுத்தார். எவ்வளவு புகழ் பெற்ற நடிகையாக இருந்தாலும் கதை கேட்கும் இடத்துக்கு வரத்தான் வேண்டும் என்று சோப்ரா பிடிவாதமாக நின்றார். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. படத்தின் கதாநாயகன் திலீப் குமாரே சாட்சிக் கூண்டில் ஏறினார். இறுதியில் சோப்ரா வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்றாலும் படத்தில் நடித்தது நம் திருவல்லிக்கேணியில் பிறந்த வைஜயந்திமாலாதான். அந்தப் படம் 'பாட்டாளியின் சபதம்' என்று தமிழில் டப் செய்யப்பட்டு இங்கேயும் வந்தது.

தயாரிப்பாளரின் வேலை பணம் போடுவது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு 'இத்தேஃபாக்' படம் உருவான விதத்தைச் சொல்ல வேண்டும். தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரான தம்பி யஷ் சோப்ராவுக்கு 1959இல் 'தூல் கா ஃபூல்' படத்தைக் கொடுத்து இயக்குநராக்கியவர் பி.ஆர். அதற்குப் பின் தம் நிறுவனத்தில் அவருக்கு மேலும் நான்கு படங்கள் கொடுத்தார். 1969இல் அப்படி ஒரு படம் பாதியில் இருந்தபோது கதாநாயகி சாய்ரா பானு நோய்வாய்ப்பட்டதால் படப்பிடிப்பு நின்றது. வேறு யாராவது என்றால் யூனிட்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வட்டிக் கணக்கைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். சோப்ரா அந்த இடைவெளியில் ஒரு குஜராத்தி நாடகத்தை எடுத்துக்கொண்டு, ராஜேஷ் கன்னாவையும் நந்தாவையும் வைத்து, பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள், ஒரே இரவில் நடக்கும் கதையாக, பாடலே இல்லாமல் ஒரு மாதத்துக்குள் படமாக்கச் செய்தார். சிறந்த இயக்குநருக்கான ஃபிலிம்ஃபேர் விருது தம்பிக்குக் கிடைத்தது. பின்பு தம்பி பிரிந்து போய்த் தனி நிறுவனம் தொடங்கியதை எல்லோரும் எழுதுகிறார்கள்; நின்றுபோன யூனிட்டைச் சும்மா இருக்கவிடாத அண்ணனை யாரும் எழுதுவதில்லை.

அவர் எடுத்ததெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. 1961இன் 'தர்மபுத்ரா' தேசிய அளவில் பரிசு பெற்றும் வசூலில் விழுந்தது. ஆனால் பிரிவினையில் ஊரை இழந்து வந்த ஒருவர், மதவெறி பிடித்த இளைஞன் தன் பிறப்பின் உண்மையை அறிந்துகொள்ளும் கதையை எடுக்கத் துணிந்ததற்காகவே அந்த நஷ்டம் மரியாதைக்குரியது. 1980இன் 'தி பர்னிங் ட்ரெயின்' வேறு வகை. தர்மேந்திரா, வினோத் கன்னா, ஜிதேந்திரா என்று நட்சத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அந்த ரயில் போட்ட பணத்தை எடுக்காமலே நின்றுவிட்டது. அதே ஆண்டின் 'இன்சாஃப் கா தராஜு', பாலியல் வன்முறையைக் கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே அதைக் காட்சிப் பொருளாகவும் ஆக்கியது என்பது என் கருத்து. இப்படி ஏறியும் இறங்கியும் வந்தவர்தான், தம் எழுபத்து நான்காம் வயதில், 1988 அக்டோபர் 2 அன்று 'மகாபாரத்' தொடரை ஒளிபரப்பத் தொடங்கினார்.

94 பகுதிகளாக ஓடிய அந்தத் தொடரில் இயக்குநர் நாற்காலியில் பெரும்பாலும் இருந்தவர் அவருடைய மகன் ரவி சோப்ரா. அந்தப் பெயர் கட்டுரையில் ஓரிடத்தில்கூட இல்லை. தந்தை செய்த பெரிய காரியம் அதற்கும் முன்பே நடந்தது. வசனம் எழுத எழுத்தாளர் ராஹி மாசூம் ரஸாவைத் தேர்ந்தெடுத்ததைத்தான் சொல்கிறேன். முதலில் ரஸா மறுத்திருக்கிறார். செய்தி வெளியில் கசிந்ததும், ஒரு முஸ்லிம் மகாபாரதம் எழுதுவதா என்று கேட்டு சோப்ராவுக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றை அவர் மறைக்கவில்லை. அப்படியே ரஸாவுக்கு அனுப்பிவைத்தார். காஜிப்பூரில் கங்கைக் கரையில் வளர்ந்த ரஸா, நான் கங்கையின் மகன், இனி நான்தான் எழுதுவேன் என்று எழுந்துவிட்டார் என்பது இந்தித் திரையுலகில் எல்லோரும் சொல்லும் செய்தி. எந்த எழுத்தாளரை எதைக் காட்டி எழுப்ப வேண்டும் என்று தெரிந்திருப்பதும் தயாரிப்பு வேலையில் சேர்த்திதான். கதையைச் சொல்லக் 'காலம்' என்ற குரலை ஏற்படுத்தியதும் ரஸாவின் யோசனையே.

அந்தக் குரல் பேசிய இந்தி எங்கள் தெருவில் யாருக்கும் புரியாது. கொடைக்கானல் தொலைக்காட்சிக் கோபுரத்தின் தயவில் படம் ஓரளவு தெளிவாகத் தெரியும். ஞாயிறு காலையில் வெளியூர்த் தியேட்டருக்குக் கிளம்ப வேண்டிய நானும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் பையை வைத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடுவேன். என் அப்பத்தா, அர்ச்சுனனை மணந்த அல்லியின் கதைப்பாடலான அல்லி அரசாணி மாலையைப் படிக்கக் கேட்டே வளர்ந்தவர், அர்ச்சுனன் திரையில் வரும்போதெல்லாம், "ஏப்பா, நம்ம அல்லி எப்ப வருவா?" என்று கேட்பார். மதுரையை ஆண்ட அல்லி பம்பாய்க்காரருக்குத் தெரியாது அப்பத்தா என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை, கடைசி வாரம் வரை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் துரியோதனன் அவையில் பாஞ்சாலி நின்று கேட்ட கேள்வியை அவருக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தக் காட்சி முடிந்தபின் வெகு நேரம் எழுந்திருக்காமல் இருந்தார்.

'மகாபார'த்துக்குப் பின்னும் சோப்ரா ஓயவில்லை. ஓய்வுபெற்ற பெற்றோரைப் பிள்ளைகள் பங்கு போட்டுக்கொள்ளும் 'பாக்பான்' 2003இல் அவருடைய நிறுவனத்தின் தயாரிப்பாகவே வந்தது. 1998க்கான தாதாசாகேப் பால்கே விருதும் 2001இல் பத்மபூஷணும் பெற்ற அவர் 2008 நவம்பர் 5 அன்று மும்பையில் காலமானார்.

'அந்த நாள்' குறித்த திருத்தத்தை அடுத்த இதழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் இருந்தால் ராஹி மாசூம் ரஸாவைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள். அதைச் சென்ற இதழின் கட்டுரையாளரே எழுதினாலும் எனக்கு மகிழ்ச்சிதான்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகர்,
மதுரை.