கூண்டுக் குழாயும் ஓட்டுபவர் தலையும்: கார் கட்டும் மாணவர் அணிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி, தங்கைகளே, அவர்களை வழிநடத்தும் பேராசிரியப் பெருமக்களே,

வணக்கம். வடசென்னை வியாசர்பாடியில் குழாய் வளைத்து வெல்டிங் செய்யும் சிறு பட்டறை என்னுடையது. ஃபார்முலா பாரத், மேடுபள்ளத்தில் ஓடும் பாஹா போன்ற மாணவர் போட்டிகளுக்காக நீங்கள் கட்டும் கார்களின் ரோல் கேஜ் வேலை, அதாவது கார் கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் குழாய்க் கூண்டு வேலை, அவ்வப்போது என்னிடம் வருகிறது. உங்கள் உழைப்பை அருகில் இருந்து பார்ப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். சட்டத்தில் கால் கிலோ குறைப்பதற்காக இரவெல்லாம் கணினி முன் உட்காருகிறீர்கள். வெல்டிங்கில் ஓர் இடம் சரியாக உருகிப் பிடிக்கவில்லை என்றால் அறுத்துவிட்டுத் திரும்பச் செய்யச் சொல்கிறீர்கள். அப்படிப்பட்ட நீங்கள் ஒன்றை மட்டும் கடைசி இரவுக்குத் தள்ளிவிடுகிறீர்கள். ஓட்டுபவரின் தலையைச் சுற்றியிருக்கும் குழாய்களுக்குப் போட வேண்டிய பேடிங்தான், அதாவது மோதலைத் தாங்கும் உறைதான் அது.

வழக்கமாக நடப்பது இதுதான். வண்டியை ஏற்றிச் செல்ல லாரி வந்து நிற்கும். அப்போது யாரோ ஒருவருக்குப் பேடிங் நினைவுக்கு வரும். ஒரு தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு மண்ணடிப் பக்கம் ஓடி, ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு ஃபோமை வாங்கி வருவார். அதை நீளவாக்கில் கிழித்து, ஓட்டுபவருக்குப் பின்னால் வளைந்து நிற்கும் மெயின் ஹூப் குழாயில் மாட்டி, கேபிள் டை என்னும் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கி, மேலே கறுப்பு டேப் சுற்றினால் வேலை முடிந்தது. "இன்ஸ்பெக்ஷனில் பாஸ் ஆனால் போதும் அண்ணா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது.

ஃபார்முலா மாணவர் போட்டிகளின் விதி தெளிவாக இருக்கிறது. ஓட்டுபவரின் ஹெல்மெட் மோத வாய்ப்புள்ள எந்தக் குழாயாக இருந்தாலும், அதன்மேல் குறைந்தது 12 மி.மீ. தடிமனில் பேடிங் வேண்டும். அது பந்தயப் பாதுகாப்புப் பொருள்களுக்கான எஸ்எஃப்ஐ 45.1 அல்லது எஃப்ஐஏ 8857-2001 தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். 12 மி.மீ. என்பதை மட்டும் நீங்கள் எடுத்துக்கொண்டு, அடுத்த வரியை விட்டுவிடுகிறீர்கள். உயிர் அடுத்த வரியில்தான் இருக்கிறது.

ஏசி ஃபோமைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உடனே அமுங்கி, அடியில் இருக்கும் இரும்பு விரலில் தட்டும். தரச் சான்று பெற்ற பேடிங்கை அதேபோல் அழுத்தினால் விரல் லேசாகத்தான் பதியும். "இது கட்டை மாதிரி இருக்கிறதே, இதைப் போய் தலைக்குப் பக்கத்தில் வைப்பதா?" என்று ஒரு மாணவி கேட்டார். நல்ல கேள்வி. மோதும் வேகம் முழுவதையும் தன் தடிமனுக்குள் வாங்கி, கடைசி மில்லிமீட்டர் வரை எதிர்த்துக்கொண்டே அமுங்குவதற்காகத்தான் அது அத்தனை கடினமாகச் செய்யப்படுகிறது. சாய்ந்து ஓய்வெடுக்க ஏற்ற பொருள் வேறு, மோதலைத் தாங்கும் பொருள் வேறு.

கணக்கு உங்களுக்கே தெரியும். தலை மணிக்கு 18 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில், குழாயில் போய் மோதுகிறது என்று வையுங்கள். 12 மி.மீ. தூரத்தில் சீராக நின்றால், தலையின் வேகம் குறையும் வீதம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல ஏறத்தாழ 106 மடங்கு. ஃபோம் எதிர்ப்பே காட்டாமல் அமுங்கிவிட்டு, உண்மையில் நிற்பது கடைசி 2 மி.மீ. தூரத்தில் என்றால் அதுவே 600 மடங்கைத் தாண்டிவிடும். ஹெல்மெட்டின் உட்புறமும் தன் பங்குக்குக் கொஞ்சம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த ஆறு மடங்கு வித்தியாசத்தைப் பொறியியல் படிக்கும் யாரும் அலட்சியப்படுத்தக் கூடாது.

ஹெல்மெட் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று. ஸ்னெல் என்ற ஹெல்மெட் சோதனை அமைப்பு கார் பந்தயத்துக்கு வகுத்த எஸ்ஏ தரத்தில், ரோல் பார் போன்ற உருண்டை இரும்பின்மேல் ஹெல்மெட்டை மோதவிடும் சோதனை தனியாகவே இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு அதே அமைப்பு வகுத்த எம் தரத்தில் அது இல்லை. குழாயில் மோதுவது அத்தனை தனியான ஆபத்து என்பதைச் சோதனை வகுத்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் நான் பார்த்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். கேபிள் டையை இறுக்கியபின் நீண்டிருக்கும் வாலைக் கட்டரால் வெட்டுகிறீர்கள். வெட்டிய முனை சவரத்தகடு போல இருக்கும். என் முழங்கையில் அதன் கோடுகள் இருக்கின்றன. பல வண்டிகளில் அந்த முனையும் பூட்டும் ஓட்டுபவரின் கழுத்தைப் பார்த்தே நிற்கின்றன. பூட்டை வெளிப்பக்கம் திருப்பி, வாலை அடியோடு வெட்டி, முனையைத் தேய்த்துவிட ஒரு நிமிடம் போதும். கிழித்த வாயும் வெளிப்பக்கமே இருக்க வேண்டும். பாஹாவில் நான்கு மணி நேரம் வண்டி மேடுபள்ளத்தில் குதிக்கும்போது ஃபோம் மெல்லச் சுழலும். காலையில் பின்பக்கம் இருந்த கிழிசல் மாலையில் தலைக்கு நேராக வந்து, நடுவில் வெறும் இரும்பு தெரியும். சோதனை காலையிலேயே முடிந்திருக்கும்.

உண்மையில் சிக்கல் பேடிங்கோடு நிற்கவில்லை, வரைபடத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஹெல்மெட்டுக்கும் ஹூப்புக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியை வெறும் குழாயை வைத்துக் கணக்கிட்டுவிடுகிறீர்கள். அதன்மேல் 12 மி.மீ. ஏறும் என்பது வரைபடத்தில் இல்லை. குழாய் வளைந்து, வெல்டிங்கும் முடிந்தபின் உயரமான ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். பேடிங் போட்டால் ஹெல்மெட் உரசுகிறது. அப்போது பேடிங்கைத்தான் மெலிதாக்குகிறீர்கள். அந்த நேரத்தில் வேறு வழியும் இருப்பதில்லை. அதனால்தான் பேடிங்கை வரைபடத்தில் முதல் நாளே ஏற்றுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

சோதனையில் தேறுவதற்காக மட்டும் பேடிங் போடும் பழக்கம் பிரிட்டனிலும் உண்டு. அங்கே பாகங்களாக வாங்கி வீட்டிலேயே கிட் கார் கட்டிச் சாலையில் ஓட்டச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு முன் ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனையில் தேற வேண்டும். உள்ளே தலை படக்கூடிய இடங்களை 165 மி.மீ. விட்டமுள்ள உருண்டையை வைத்துப் பார்ப்பார்கள். அது தொடும் விளிம்புகள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்தில் மழுங்கியிருக்க வேண்டும். சோதனைக்காக ரப்பர் பட்டையும் பேடிங்கும் ஒட்டி, தேறியபின் பிய்த்துப் போடுபவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். எங்கே நடந்தாலும் மோதப்போவது மனிதத் தலைதான்.

நம் ஊரில் ஜீப்புக்கு ரோல் கேஜ் வைத்துத் தரும்படி கேட்டு வருபவர்களும் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். தயாரிப்பாளர் தந்த வடிவத்தை மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடையாக இருக்கிறது. அதோடு, ஹெல்மெட் இல்லாமல் ஓட்டும் சாலையில், தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் இருப்பதே ஆபத்து.

பேராசிரியர்களிடம் கேட்பது இரண்டு. அணியின் செலவுத் திட்டத்தில் டயருக்கும் இன்ஜினுக்கும் எழுதும்போதே சான்று பெற்ற பேடிங்குக்கும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அது பெரும்பாலும் வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவேண்டிய பொருள். மண்ணடியில் கடைசி நாளில் கிடைக்காது. வண்டி கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன், ஓட்டப்போகும் ஒவ்வொருவரையும் பெல்ட் போட்டு உட்காரவைத்து, தலையை நான்கு பக்கமும் சாய்க்கச் சொல்லி, ஹெல்மெட் தொடும் இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்துப் பாருங்கள். குறி விழுந்த இடமெல்லாம் மூடப்பட வேண்டும். போட்டி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நீண்ட ஓட்டம் முடிந்து திரும்பும் வண்டிகளில் சிலவற்றையாவது நிறுத்தி, பேடிங்கை மறுபடியும் தொட்டுப் பாருங்கள். அப்படி ஒரு சோதனை உண்டு என்று தெரிந்தால், ஒரு நாள் மட்டும் தாங்கும்படி யாரும் சுற்ற மாட்டார்கள்.

தம்பி, தங்கைகளே, என்ஃபீல்டும் எம்ஆர்எஃப்பும் திருவொற்றியூரில், லேலண்ட் எண்ணூரில், ஒரு காலத்தில் கார்ப் பந்தயம் நடந்த சோழவரம் ஓடுதளம் அதற்கும் வடக்கே. வண்டி வேலை தெரிந்த கைகளுக்கு இந்தப் பக்கம் பஞ்சமில்லை. அந்தக் கைகளைக் கடைசி இரவில் தேடாதீர்கள். குழாயை வளைக்கும் முன்பே வாருங்கள். வரும்போது ஹெல்மெட்டையும், உங்கள் அணியிலேயே உயரமானவரையும் அழைத்து வாருங்கள். மரப்பலகையில் இருக்கை அடித்து அவரை உட்காரவைத்து, பேடிங்கின் தடிமனையும் சேர்த்து அளவெடுத்துத் தருகிறேன். அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளுக்குக் குழாய் வளைப்பவன்,
வியாசர்பாடி