சட்டமன்றத்துக்குள் நுழையாமலே சட்டமன்ற நிர்வாகம் படிப்பவர்களின் திறந்த மடல்

மதிப்புக்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் சட்டமன்றப் பேரவைச் செயலர் அவர்களுக்கும்,

வணக்கம். நாடாளுமன்ற நிர்வாகமும் சட்டமியற்றல் ஆய்வும் படிக்கும் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவி நான். என் வகுப்பில் இருப்பவர்கள் கேட்டுக்கொண்டதால் அவர்கள் சார்பிலும் எழுதுகிறேன்.

போன வாரம் துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். பின்னணி உங்கள் இருவருக்கும் தெரியும். சட்டமன்றச் செயலகத்தில் எங்களுக்குப் பயிற்சி தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவை உங்கள் இரண்டு அலுவலகங்கள்தான்; கோப்பும் அவற்றுக்கு நடுவில்தான் எங்கேயோ நிற்கிறது. நான்காம் பருவத்தில் நடக்க வேண்டிய செயலகப் பயிற்சி "நிர்வாகக் காரணங்களால்" இந்த ஆண்டு இல்லை, அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் 60 பக்கக் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்கிறது சுற்றறிக்கை. என்ன நிர்வாகக் காரணம் என்று ஒரு வரியும் அதில் இல்லை. எங்களுக்கு முந்தைய ஆண்டு மாணவர்களுக்கும் இதையேதான் சொன்னார்கள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வரும் கூட்டத்தொடர் முழுவதும் செயலகத்தின் பிரிவுகளில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ள எங்களுக்கு அனுமதி கொடுங்கள்.

கட்டுரை எழுதுவது எங்களுக்குக் கஷ்டமில்லை. நூலகத்தில் பழைய அவைக் குறிப்புகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, விதிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. 60 பக்கம் என்ன, 100 பக்கம்கூட எழுதிவிடலாம். ஆனால் மூன்று பருவங்களாகப் படித்ததுதான் அதில் திரும்பவும் வரும். படித்ததை வேலையாகப் பார்ப்பதற்குத்தானே நான்காம் பருவம்?

ஓர் உதாரணம் சொல்கிறேன். மக்களவை விதிப்படி ஒரு வினா பொதுவாக 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கேலி, பழிச்சொல் எதுவும் அதில் இருக்கக் கூடாது. குறைந்தது 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். அவையில் வாய்மொழியாகப் பதில் தரப்படும் நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் ஒரு நாளைக்கு 20தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதை எங்களில் யாரும் ஒப்பிப்பார்கள். ஆனால் ஓர் உறுப்பினர் தன் தொகுதி மக்களிடம் திட்டு வாங்கிவிட்டு வந்து, "எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவதே இல்லை, இந்த அரசுக்குக் கண் இருக்கிறதா" என்று எழுதிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தத் தாள் வினாப் பிரிவு அலுவலரின் மேசைக்கு வருகிறது. அவர் கோபத்தை எடுத்துவிட்டு விஷயத்தை விடாமல் வைத்திருக்க வேண்டும். அந்த மருத்துவமனைக்கு அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, காலியிடங்கள் எப்போது நிரப்பப்படும் என்று அது மாறினால்தான் துறை பதில் சொல்லியே ஆக வேண்டும். இதே வினாவை வேறு நாலு பேரும் கொடுத்திருந்தால் எப்படிச் சேர்ப்பது? விஷயம் இரண்டு துறைகளில் கால் வைத்திருந்தால் யாருக்கு அனுப்புவது? வழக்கு நிலுவையில் இருந்தால் எதுவரை கேட்க விடலாம்? விதிப் புத்தகத்தில் இதற்கெல்லாம் வாசகம் இருக்கிறது. கைப்பழக்கம் அந்த மேசையில்தான் இருக்கிறது. அந்த அலுவலர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டால் ஒரு வாரத்தில் புரிந்துவிடும்.

சட்டமுன்வடிவுக்கு, அதாவது மசோதாவுக்கு, வரும் திருத்தங்களும் அப்படித்தான். வரியைக் கூட்டும் திருத்தம் என்றால் அரசமைப்பின் 207-ஆவது பிரிவுப்படி ஆளுநரின் பரிந்துரை வேண்டும், வரியைக் குறைக்கவோ நீக்கவோ கோரும் திருத்தமானால் வேண்டாம். தேர்வில் இதற்கு ஐந்து மதிப்பெண். அவை நடந்துகொண்டிருக்கும்போது கையெழுத்தில் வந்து விழும் ஒரு திருத்தம் எந்த வகை என்று சில நிமிடங்களில் முடிவு செய்து பேரவைத் தலைவருக்குக் குறிப்பு எழுதுவது எப்படி என்பதை எந்தக் கட்டுரை கற்றுக் கொடுக்கும்?

முதலாம் ஆண்டில் எங்களைப் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்துப் போனார்கள். அதற்கு நன்றி. பேனாவையும் நோட்டையும் வாயிலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு ஏற்பாடு, அதைக் குறை சொல்லவில்லை. சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, அவர்கள் பார்த்ததைத்தான் நாங்களும் பார்த்துவிட்டு வந்தோம். இன்றுவரை சட்டமன்றத்தோடு எங்களுக்கு இருக்கும் நேரடித் தொடர்பு அது மட்டும்தான்.

சுற்றறிக்கை எழுதியவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னோடு படிக்கும் ஓர் அக்கா ஊராட்சி அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த அடிப்படையில் கணினி வேலை பார்ப்பவர். கிராம சபைத் தீர்மானங்களைத் தட்டச்சு செய்து செய்து, இதெல்லாம் மேலே போய் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் இந்தப் படிப்பில் சேர்ந்தார். மூன்று பருவங்களும் விடுப்பு, அனுமதி என்று எப்படியோ சமாளித்துவிட்டார். பயிற்சிப் பருவத்தில் தினமும் செயலகத்துக்குப் போக வேண்டும் என்பதால் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார். பல்கலைக்கழகம் கொடுத்த பயிற்சிக் கடிதத்தை இணைத்துத்தான் கொடுத்தார். விடுப்பு ஆணையும் வந்தது. அவர் இடத்தில் வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். அதற்கு அடுத்து வந்ததுதான் உங்கள் சுற்றறிக்கை.

இப்போது அவருக்குப் பயிற்சியும் இல்லை, வேலையும் இல்லை. விடுப்பை ரத்து செய்யக் கேட்டால், மாற்று ஆள் ஒப்பந்தம் முடியட்டும் என்கிறார்கள். பயிற்சிக்காகத் தலைநகரில் விடுதிக்குக் கட்டிய முன்பணம் திரும்பாது. மகனைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டுப் பள்ளி மாற்றும் வேலைகூட முடிந்துவிட்டது. "திட்டக் கட்டுரையை வீட்டிலிருந்தே எழுதலாம், உங்களுக்கு இது வசதிதானே" என்று அலுவலகத்தில் ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த அக்கா அன்று வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு மாதச் சம்பளத்தை இழந்து அவர் வாங்க வந்தது வீட்டிலிருந்து எழுதும் வசதியை அல்ல. பயிற்சிக் கட்டணம் என்று கல்விக் கட்டணத்தோடு எங்களிடம் தனியாக வாங்கிய தொகையைப் பற்றியும் சுற்றறிக்கை பேசவில்லை.

மாணவர்களை உள்ளே விட்டால் இரகசியம் கெடும், கட்சிச் சாயம் பூசுவார்கள் என்று ஒரு தயக்கம் செயலகத்தில் இருப்பதாகக் காதில் விழுந்தது. அது நியாயமான கவலைதான். குழு அறிக்கை அவையில் வைக்கப்படும் முன் வெளியானால் அது உரிமை மீறல் என்று எங்கள் பாடத்திலேயே இருக்கிறது. உறுதிமொழி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிதிநிலை அறிக்கைத் தாள்கள் பக்கம் எங்களை விடவே வேண்டாம். வினாப் பிரிவு, சட்டமுன்வடிவுப் பிரிவு, குழுப் பிரிவு, நூலகம், அவைக் குறிப்புப் பிரிவு போதும். கட்சிச் சார்பைப் பற்றிய கவலைக்குக் கனடா எப்போதோ வழி கண்டுவிட்டது. அங்கே 1969 முதல் நடக்கும் நாடாளுமன்றப் பயிற்சித் திட்டத்தில் ஒவ்வொருவரும் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரிடமும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரிடமும் வேலை பார்க்க வேண்டும். நாங்கள் உறுப்பினர்களிடம் போகக்கூடக் கேட்கவில்லை, அலுவலர்களிடம்தான் கேட்கிறோம்.

நம் நாட்டிலும் முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. மக்களவைச் செயலகத்தின் பயிற்சி நிறுவனம் 1976-இல் தொடங்கியது. இப்போது பிரைடு என்று பெயர். வெளிநாட்டு நாடாளுமன்ற அலுவலர்கள் டெல்லிக்கு வந்து அங்கே பயிற்சி பெற்றுப் போகிறார்கள். சட்டமியற்றல் ஆய்வு நடத்தும் பிஆர்எஸ் (PRS) அமைப்பு 2010 முதல் இளைஞர்களை நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் உதவியாளர்களாக அனுப்புகிறது. கேரளத்தில் சட்டமன்றச் செயலகமே நாடாளுமன்ற நடைமுறை பற்றிய சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. நைஜீரியாவில் நாடாளுமன்றத்தின் ஆய்வு நிறுவனம் பெனின் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இதே துறையில் முதுகலைப் படிப்பை நடத்துகிறது. சட்டமன்றமும் பல்கலைக்கழகமும் கைகோத்தால்தான் இந்தப் படிப்பு நிற்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் தெரிந்ததால்தானே ஒப்பந்தம் போட்டீர்கள்?

சரி, வெளியே வந்தால் என்ன ஆகும் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செயலகத்தின் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் எங்கள் பட்டத்தின் பெயரே இருப்பதில்லை. அரசியல் அறிவியலுக்கு இது இணையான பட்டமா என்று கேட்டால், ஈக்விவலன்ஸ் அரசாணை வாங்கி வரச் சொல்கிறார்கள். அந்த அரசாணைக்கு யார் எழுத வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் கேட்டால் பதில் இல்லை. சட்டமன்றத்துக்குத் தனிச் செயலகம் என்று அரசமைப்பின் 187-ஆவது பிரிவு சொல்கிறது. அதன் ஊழியர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று சட்டமன்றமே சட்டம் போடலாம், அதுவரை பேரவைத் தலைவரைக் கலந்து ஆளுநர் விதி வகுக்கலாம் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. சட்டமன்றத்தில் வேலை செய்யவென்றே படித்தவர்களைச் சட்டமன்றம் தகுதியானவர்களாகப் பார்க்காத நிலை மாற, மனமிருந்தால் போதும்.

இந்த வேலை தெரிந்தவர்கள் இன்று எவ்வளவு தேவை என்று பாருங்கள். 15-ஆவது மக்களவையில் (2009–14) 71 சதவீத மசோதாக்கள் நாடாளுமன்றக் குழுக்களின் பரிசீலனைக்குப் போயின. 17-ஆவது மக்களவையில் (2019–24) அது 16 சதவீதம். 2020 செப்டம்பரில் எந்தக் குழுவுக்கும் போகாமல் நிறைவேறிய வேளாண் சட்டங்களை, 2021 நவம்பர் 29 அன்று மக்களவையில் விவாதமே இல்லாமல் ரத்து செய்தார்கள். அதே 2021-இல் சுதந்திர தினத்தன்று, அன்றைய தலைமை நீதிபதி என்.வி.ரமணா, சட்டங்களில் தெளிவில்லை, அவையில் போதிய விவாதமில்லை என்று வெளிப்படையாகவே வருந்தினார். உறுப்பினர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நேற்று இரவு கைக்கு வந்த சட்டமுன்வடிவைப் பிரித்துப் படித்து, இந்த உட்பிரிவு அந்தச் சட்டத்தோடு மோதுகிறது என்று காலையில் சொல்ல ஆள் வேண்டாமா? ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு அப்படி ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள எங்கே வழி இருக்கிறது? கட்சிக்காரர் ஒருவர் கோப்பு தூக்குகிறார், அவ்வளவுதான். சட்டம் தப்பாக வந்தால் அதைச் சுமப்பது ரேஷன் கடை வரிசையிலும் வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையிலும் நிற்பவர்கள்.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரையை எங்களுக்கு முதல் வாரத்திலேயே பாடமாக வைத்தீர்கள். அரசமைப்புச் சட்டம் உருவான பெருமையில் ஒரு பங்கு அரசமைப்பு ஆலோசகர் பி.என்.ராவுக்கும், அதைவிடப் பெரும் பங்கு தலைமை வரைவாளர் எஸ்.என்.முகர்ஜிக்கும் உரியது என்கிறார். சிக்கலான யோசனைகளை எளிய தெளிவான சட்ட வாசகமாக்கும் முகர்ஜியின் திறமையைப் பாராட்டுகிறார். அதோடு நிறுத்தாமல், முகர்ஜியின் கீழ் சில நாட்கள் நள்ளிரவைத் தாண்டியும் உழைத்த ஊழியர்களையும் மறக்காமல் சொல்கிறார். எங்கள் வகுப்பில் பலர் இந்தப் படிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பத்தி ஒரு காரணம். அந்த ஊழியர்களின் வேலையைத்தான் நாங்கள் கற்றுக்கொள்ள வந்திருக்கிறோம்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பேராசிரியர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இந்தப் பயிற்சிக்காக அவர்கள் எழுதிய நினைவூட்டல்களை நாங்கள் அறிவோம். செயலக அலுவலர்களுக்குக் கூட்டத்தொடர் நேரத்தில் மூச்சுவிட நேரமில்லை என்பதும் புரிகிறது. நாங்கள் பிரிவுக்கு இரண்டு பேராக வருகிறோம். நகல் எடுப்பது, கோப்பு அடுக்குவது, பழைய விவாதங்களிலிருந்து முன்னுதாரணம் தேடிக் கொடுப்பது என்று என்ன வேலை சொன்னாலும் செய்கிறோம். உதவித்தொகைகூட இந்த ஆண்டு கேட்கவில்லை, அடுத்து வருபவர்களுக்காவது அதை யோசியுங்கள்.

ஆகவே திரும்பவும் பணிவோடு கேட்கிறோம். சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, வரும் கூட்டத்தொடரின் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை எங்களைச் செயலகத்தில் பயிற்சிக்கு அனுமதியுங்கள். இந்த ஆண்டு முடியவே முடியாது என்றால் அதற்கான காரணத்தை எழுத்தில் கொடுங்கள், பயிற்சிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள். விடுப்பெடுத்து வந்தவர்களின் அலுவலகங்களுக்கு, தவறு அவர்களுடையதல்ல என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் அனுப்பட்டும். அந்தக் கடிதம் மட்டுமாவது இந்த வாரமே போக வேண்டும், ஏனென்றால் அந்த அக்காவின் மாற்று ஆளுக்கான ஒப்பந்தத்தை இந்த மாதக் கடைசியில் நீட்டிக்கப் போகிறார்கள்.

கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்படும் முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

இப்படிக்கு,
முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சார்பில்,
ஒரு மாணவி