வீட்டு போக்கருக்கும் முறை உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறைகளில் சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டில் உறவினரும் நண்பர்களும் கூடி, பணம் வைத்து ஆடும் சீட்டாட்டமான போக்கர் ஆடுவோம். ஆளுக்கு 10 வெள்ளி, அதற்கு மேல் கிடையாது. 2022 ஆகஸ்ட் முதல் நடப்பில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், வீட்டில் தெரிந்தவர்கள் நேருக்கு நேர் இப்படி ஆடுவதை அனுமதிக்கிறது. ஆனால் ஆட்டத்தை நடத்துவதை வைத்து யாரும் லாபம் பார்க்கக் கூடாது.

அண்மையில் ஒரு வீட்டில், சாப்பாட்டுச் செலவு என்று சொல்லி ஒவ்வொரு சுற்றிலும் பந்தயப் பணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்தார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், விருந்துக்கு வந்தவரிடம் சோற்றுக்குக் காசு வாங்குவது எந்த ஊர் வழக்கம்?

அப்புறம், மேசை ஒழுங்கு. கொஞ்சம் சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை) வைத்து, எதிராளியின் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் சிப் வைப்பது தவறு. தொகையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தன் முறை வருமுன் சீட்டைப் போட்டுவிட்டுச் சுற்றிலிருந்து விலகுவதும் மற்றவர்களின் கணக்கைக் கெடுக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சுற்றின் நடுவே பையிலிருந்து பணம் எடுத்துச் சேர்க்கக் கூடாது என்ற விதி. கையிருப்பு தீர்ந்தவர், அதுவரை போட்ட அளவுக்குப் போட்டியில் நீடிக்கலாம். இது இருப்பதால்தான் வசதியான மாமா, இப்போதுதான் வேலைக்குப் போகும் தம்பியைப் பணத்தைக் காட்டி விரட்ட முடியாது.

வீட்டுக்காரர்கள் இவற்றைச் சீட்டுப் போடும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவிட வேண்டும். கடன் சொல்லி ஆட யாரையும் விடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஈசூன்