0.1 கணினிக்குள் போகும் வழி

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பியதைப் படித்தேன். கொட்பேயில் மாமாவின் மீன் கணக்குக்கு நீ எழுதிய புரோகிராமில் 1.1 கிலோ பாரையும் 2.2 கிலோ சூரையும் கூட்டினால் 3.3000000000000003 வருகிறது, 3.3க்குச் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது. கண்ட இடமெல்லாம் ரவுண்ட் பண்ணிவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. மாமாவிடம் மீன் போடுகிறவர்கள் அந்தக் கணக்குத் துண்டில் உள்ள எண்ணை நம்பித்தான் காசு வாங்கிப் போகிறார்கள். எங்கே பிசகுகிறது என்று தெரிந்துகொண்டு திருத்து.

கணினி எண்களை 0, 1 என்ற இரண்டு இலக்கத்தில் மட்டும் எழுதிவைக்கும், அதுதான் துவிதம். முழு எண்ணில் தொல்லை இல்லை. 13ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 1, 0, 1, 1. கீழிருந்து வாசித்தால் 1101. திரும்ப 8, 4, 1 கூட்டினால் அதே 13.

தசமப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை இரண்டால் பெருக்க வேண்டும். புள்ளிக்கு முன்னால் வரும் இலக்கத்தை எழுதிவைத்து, மிச்சத்தை மறுபடி பெருக்கு. 0.375 என்றால் 0.75, 1.5, 1.0. முடிந்தது, விடை 0.011. இப்போது 0.1ஐ எடு. 0.2, 0.4, 0.8, 1.6 வரும். 1ஐ எழுதி 0.6ஐப் பெருக்கினால் 1.2. அதிலும் 1 போனால் மிஞ்சுவது பழைய 0.2! இனி 0011, 0011 என்று ஓயாமல் போகும். மூன்றிலொன்று தசமத்தில் முடியாதது போலத்தான் இதுவும். சுருக்கிய பின்னத்தின் பகுதியில் 2 மட்டுமே காரணியாக இருந்தால் துவிதத்தில் முடியும், 5 வந்தால் முடியாது. 0.375 எட்டில் மூன்று, அதனால் முடிந்தது.

தசம எண்ணைப் புரோகிராம் வைக்கும் டபுள் என்ற வகையில் இருப்பது 64 பிட், அதாவது 0 அல்லது 1 எழுத 64 இடம். கூட்டல் கழித்தல் குறிக்கு 1, இரண்டின் அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52. அதற்குள் அடங்காததைக் கிட்டிய எண்ணுக்கு மாற்றித்தான் வைக்கும். உன் கடைசி 3 வந்தது அப்படித்தான்.

சின்னப் பிசகுதானே என்று நினைக்காதே. 1991 பெப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் அமெரிக்காவின் பேட்ரியட் ஏவுகணை அமைப்பு, ஈராக் ஏவிய ஒரு ஸ்கட் ஏவுகணையைத் தடுக்காமல் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படையினர் இறந்தார்கள். அது நேரத்தைப் பத்திலொரு செக்கனாக எண்ணி, 24 பிட்டில் வெட்டிய 0.1ஆல் பெருக்கியது. சுமார் 100 மணி நேரம் ஓடியதும் பிழை 0.34 செக்கனாகிவிட்டது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

ஆகவே நிறையைக் கிராமாகவும் காசைச் சதமாகவும் நிறைவெண்ணில், அதாவது முழு எண்ணில் வை. உள்ளே வாங்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். 4.35 ரூபாவை டபுளாக்கி 100ஆல் பெருக்கினால் 434.99999999999994 வரும், நிறைவெண்ணாக வெட்டினால் ஒரு சதம் போய்விடும். அதனால் எழுத்தாக வந்ததை எழுத்தாகவே புள்ளியில் பிரி. 4 ஒரு பக்கம், 35 ஒரு பக்கம். 4.5 என்று வந்தால் பின்னால் ஒரு 0 சேர்க்க மறக்காதே. காட்டும்போது மட்டும் புள்ளியைத் திரும்பப் போடு. கிலோ விலையால் பெருக்கும்போது ரவுண்ட் தேவைதான், ஆனால் ஒரே இடத்தில், கடைசியில், மாமாவிடம் கேட்டுச் செய்.

கோடில் கைவைக்க முதல் 0.7ஐத் தாளில் செய்து பார். எந்த நான்கு இலக்கம் திரும்பத் திரும்ப வருகிறது என்று ஞாயிறு கதைக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அம்மா
திருகோணமலை