மணி அடித்த பிறகு உங்களுக்கு யார் சொல்வது?

அன்புள்ள பெற்றோருக்கும், பிள்ளைகளைத் தினமும் வாசலில் காத்திருந்து அழைத்துச் செல்லும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

இது ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்தின் மொழிபெயர்ப்பு இல்லை. தமிழ் பேசும் குடும்பங்களுக்கென்றே தனியாக எழுதுகிறேன். ஏன் என்பது படிக்கப் படிக்கப் புரியும்.

சென்ற பள்ளித் தவணையில் ஒரு செவ்வாய்க்கிழமை, இடைவேளை நேரத்தில், சிற்றுண்டிச்சாலைக் கடை ஒன்றின் பின்புறம் மின்கம்பி கருகிப் புகை வந்தது. அபாய மணி அடித்தது. பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் சென்றோம். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தன் மீ சூப் (நூடுல்ஸ் சூப்) கிண்ணத்தைச் சிந்தாமல் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டே வரிசையில் வந்து நின்றான். ஆசிரியை அதை வாங்கிப் புல்லில் வைத்துவிட்டுத்தான் தலைகளை எண்ணத் தொடங்கினார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் தீயணைப்பாளர்கள் வந்து பார்த்து, ஆபத்து இல்லை என்று சொன்ன பிறகு வகுப்புகள் தொடர்ந்தன.

இதுவரை பெரும்பாலும் நன்றாகத்தான் நடந்தது. நாங்கள் பெரிதாகக் கோட்டைவிட்டது வேறோர் இடத்தில்.

உங்களுக்குச் செய்தி அனுப்ப எங்களுக்கு ஐம்பது நிமிடம் ஆனது. முழு விவரமும் தெரிந்த பிறகு சரியாக எழுதி அனுப்பலாம் என்று நான்தான் சொன்னேன். அதற்குள் எதிர் அடுக்குமாடி புளோக்கிலிருந்து யாரோ எடுத்த தீயணைப்பு வண்டியின் படம் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பள்ளியில் ஏதோ வெடித்துவிட்டது என்று ஒரு குரல் பதிவும் கூடவே சேர்ந்துகொண்டது. அதைக் கேட்டுவிட்டு ஒரு பாட்டி, சந்தையில் வாங்கிய காய்கறிகள் இருந்த தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வாசலுக்கு வந்தார். பாதுகாவல் ஊழியருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்கு ஆங்கிலம் வராது. பேரன் இருந்ததோ வேலிக்கு அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். அது தெரியாமல் நாற்பது நிமிடம் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் நம் தமிழாசிரியை பார்த்துவிட்டு ஓடிப்போய்ப் பேசினார். மறுநாள் நான் அந்தப் பாட்டியின் வீட்டுக்கே சென்று மன்னிப்புக் கேட்டேன். உங்கள் எல்லாரிடமும் இப்போது கேட்கிறேன்.

பாட்டிக்கு ஏன் செய்தி போகவில்லை? பள்ளிச் செய்திகள் வரும் பேரண்ட்ஸ் கேட்வே செயலிக்குள், பெற்றோரின் சிங்பாஸ் என்ற அரசு மின்னடையாளம் வழியாகத்தான் நுழைய முடியும். எங்கள் செய்தி கடைசியில் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஜூரோங்கில் வேலையில் இருந்தார். அம்மா கூட்டத்தில் இருந்தார், கைப்பேசி பையில். நம் குடும்பங்கள் பலவற்றில் தகவலைப் பெறுபவர் ஒருவர், பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். இத்தனை ஆண்டுகள் பள்ளிகளில் இருந்தும் இதை நான் போதிய அளவு யோசிக்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை பட்டிருந்தும்கூட.

2015 செப்டம்பரில் புகைமூட்டம் உச்சத்தில் இருந்தது நினைவிருக்கும். 24ஆம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. அன்று மாலைதான், மறுநாள் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்படும் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அப்போது பேரண்ட்ஸ் கேட்வே இல்லை, அது 2019இல்தான் வந்தது. நான் அப்போது வேறொரு பள்ளியில் இருந்தேன். இரவு முழுக்கத் தொலைபேசியில் அழைத்தோம். காலையில் வாசலைத் திறந்தால், முகக்கவசம் போட்ட ஒரு சிறுவனும் முந்தானையால் மூக்கை மூடிய அவனுடைய பாட்டியும் நிற்கிறார்கள். எங்களிடம் இருந்த எண்ணை அந்தக் குடும்பம் எப்போதோ மாற்றியிருந்தது. செயலி வந்து எவ்வளவோ சுலபமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் அன்று விடுபட்டவர்தான் இன்றும் விடுபடுகிறார்.

சரி, என்ன மாற்றப்போகிறோம்?

இனி அபாய மணி அடித்து, பிள்ளைகளை எண்ணி முடித்ததும், பத்து நிமிடத்துக்குள் முதல் செய்தி வரும். அதில் முழு விவரம் இருக்காது. ஏறக்குறைய இப்படி இருக்கும்: “பள்ளியில் அபாய மணி அடித்தது. மாணவர்கள் அனைவரும் திடலில் பாதுகாப்பாக இருக்கிறார்கள். காரணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இப்போது பள்ளிக்கு வர வேண்டாம். அடுத்த தகவல் 10.15 மணிக்கு.” கடைசி வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அடுத்து எப்போது தகவல் வரும் என்று தெரிந்தால் காத்திருக்க முடியும். 10.15க்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால், ஒன்றும் இல்லை என்றாவது சொல்லுவோம்.

இந்தச் செய்தி நான்கு மொழிகளிலும் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டுள்ளது. தமிழ் வாசகத்தை நம் தமிழாசிரியர்கள் எழுதினார்கள். கூடவே, பெற்றோர் ஆதரவுக் குழுவில் தமிழ் பேசும் சிலர், செயலி இல்லாத தாத்தா பாட்டிகளைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்ல முன்வந்திருக்கிறார்கள். இன்னும் சிலர் சேர்ந்தால் நல்லது. ஒருவருக்கு ஐந்து அழைப்பு, அவ்வளவுதான். வாசலிலும் அந்த நேரத்தில் தமிழ் பேசக்கூடிய ஒருவர் நிற்பார்.

ஃபயர் டிரில் என்று பிள்ளைகள் சொல்வார்களே, அதையும் மாற்றுகிறோம். இதுவரை வகுப்பு நேரத்தில், முன்கூட்டியே சொல்லிவிட்டு நடத்திவந்தோம். பிள்ளைகள் நாற்காலியில் இருப்பார்கள், ஆசிரியர் முன்னால் நிற்பார், வரிசை தானாக அமைந்துவிடும். அந்தச் செவ்வாய்க்கிழமையோ பிள்ளைகள் சிற்றுண்டிச்சாலையிலும் நூலகத்திலும் கழிவறையிலும் சிதறிக் கிடந்தார்கள். ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்றாம் மாடிக் கழிவறையிலேயே இருந்துவிட்டாள். “பயிற்சிதானே என்று நினைத்தேன்” என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பயிற்சியைப் பயிற்சியாகவே பழக்கிய தவறு எங்களுடையது. அதனால் அடுத்த பயிற்சி இடைவேளையில் நடக்கும், தேதி பிள்ளைகளுக்குத் தெரியாது. மின்னலும் மழையும் இருந்தால் திடலில் நிற்க முடியாது. அப்போது பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போவோம். அந்த வழியையும் ஒருமுறை நடந்து பழகுவோம்.

வேறொரு வகை ஆபத்தில் வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளேயே இருப்போம். சந்தேகத்துக்குரிய ஆள் வளாகத்துக்குள் நுழைந்தால் வகுப்புக் கதவுகள் பூட்டப்படும், விளக்குகள் அணைக்கப்படும், பிள்ளைகள் சத்தமில்லாமல் தரையில் உட்காருவார்கள். வாசலும் திறக்கப்படாது. அந்த நேரத்தில் நீங்கள் வாசலுக்கு வந்தால் உங்களுக்கும் ஆபத்து, காவல்துறையின் வண்டிக்கும் இடைஞ்சல். பிள்ளை தொலைபேசியை எடுக்கவில்லையே என்று பதறாதீர்கள், பள்ளி நேரத்தில் கைப்பேசி அவர்கள் கையில் இருக்காது. தள்ளி நில்லுங்கள் என்று ஒரு தாயிடம் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளைகளும் இங்கே பள்ளிக்குப் போனவர்கள்தான்.

பிள்ளைகளை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்ப வேண்டி வந்தால், பட்டியலில் பெயர் உள்ளவரிடம் மட்டுமே, அடையாள அட்டையைப் பார்த்த பிறகே ஒப்படைப்போம். “நான் அவன் மாமாதான், தினமும் பார்க்கிறீர்களே” என்று யாராவது கோபப்படலாம். கோபப்பட்டாலும் அட்டையைக் கேட்போம். மாமா வருவதாக இருந்தால் மாமாவின் பெயரையும், பணிப்பெண் வருவதாக இருந்தால் அவருடைய பெயரையும் முன்பே எழுதிக் கொடுங்கள். பள்ளிப் பேருந்திலோ மாணவர் பராமரிப்பு நிலையத்துக்கோ போகும் பிள்ளை என்றால் அதையும் குறிப்பிடுங்கள்.

வாட்ஸ்அப் பற்றி ஒரே வேண்டுகோள். குரல் பதிவு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பும் முன் எங்கள் செய்திக்காகப் பத்து நிமிடம் பொறுங்கள்.

இன்னொன்று, பள்ளிக்கு வெளியே உள்ள விஷயம், ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. 2025 ஏப்ரல் 8 அன்று ரிவர் வேலி சாலையில் ஒரு கடைவீட்டில் தீப்பிடித்தது. உள்ளே வகுப்புகளுக்கு வந்திருந்த பிள்ளைகள். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சாரமும் ஏணியும் கொண்டுவந்து, சன்னல் விளிம்பில் நின்ற பிள்ளைகளை இறக்கினார்கள். நம் ஊர்களிலிருந்து வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். அப்படியும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதற்குப் பிறகு நான் கடைவீடுகளின் மாடியில் நடக்கும் துணைப்பாட வகுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டாவது வழி எங்கே என்றுதான் முதலில் தேடுகிறேன். உங்கள் பிள்ளை போகும் நிலையத்திலும் ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள். படிக்கட்டில் பெட்டிகள் அடுக்கியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம். வீட்டிலும், புகை வந்தால் தரையோடு தாழ்ந்து போக வேண்டும், மின்தூக்கியில் ஏறக்கூடாது, 995ஐ அழைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அழைத்தால் புளோக் எண்ணையும் மாடியையும் கேட்பார்கள். முதல் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்குத் தங்கள் புளோக் எண் தெரியவில்லை, போன வாரம் கேட்டுப் பார்த்தேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பச்சை நிறத் தாள் வருகிறது. பகலில் உண்மையிலேயே தொலைபேசியை எடுக்கக்கூடிய இருவரின் எண்கள், அவர்களிடம் எந்த மொழியில் பேசலாம், பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடியவர்களின் பெயர்கள், ஆஸ்துமா போன்ற உடல்நிலைக் குறிப்புகள், அவ்வளவுதான். தமிழிலேயே எழுதலாம். எண் மாறினால் அன்றே வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பிவிடுங்கள். எழுத நேரமில்லை என்றால் காலை ஏழு மணிக்கு நான் வாசலில்தான் நிற்பேன், வாயால் சொன்னாலும் போதும், எழுதிக்கொள்கிறேன். அந்தத் தள்ளுவண்டிப் பாட்டி அப்படித்தான் சொன்னார். தன் எண்ணைச் சொல்லிவிட்டு, சரியாக எழுதியிருக்கிறேனா என்று என்னைத் திரும்பப் படிக்கவும் வைத்தார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்