பம்பு தெரியாமல் குறிப்பு எழுதினேன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையிலிருந்து பம்பு ஏற்றுமதி செய்யும் சிறு நிறுவனங்கள் உரிமத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தாமதத்துக்குக் காரணம் தில்லி அதிகாரிகளின் அளவு கடந்த சந்தேகமே என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதிவிட்டார். வர்த்தகமும் நாட்டின் பாதுகாப்பும் ஒன்றையொன்று தொடும் கோப்புகளைப் படித்துக் கருத்து எழுதுவதையே வேலையாகக் கொண்டு தில்லியில் 26 ஆண்டுகளைக் கழித்து, இப்போது ஓய்வு பெற்று மயூர் விகாரில் வசிக்கும் எனக்கு அந்தத் தீர்ப்பு பாதிதான் சரி என்று படுகிறது. சந்தேகப்படுவதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம். அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளும் அளவுக்குப் பொருளைப் பற்றிய அறிவு மேசைக்கு இந்தப் பக்கம் இருந்ததில்லை என்பதே என் குறை.

பம்புக்கு எதற்கு உரிமம் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். சாதாரணத் தொழிலிலும் பேரழிவு ஆயுதத் தயாரிப்பிலும் ஒருசேரப் பயன்படக்கூடிய பொருள்களை ‘ஸ்கோமெட்’ என்னும் பட்டியலில் வைத்து மத்திய அரசு கட்டுப்படுத்துகிறது. 1992-ஆம் ஆண்டின் அயல்நாட்டு வர்த்தகச் சட்டத்தில் 2010-இல் இதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. 2005-ஆம் ஆண்டின் பேரழிவு ஆயுதங்கள் தடைச் சட்டமும் உண்டு. இந்தியா 2016-இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பிலும், 2017-இல் மரபு ஆயுதங்களையும் இருபயன் பொருள்களையும் கவனிக்கும் வாசனார் அமைப்பிலும், 2018-இல் ரசாயன, உயிரியல் ஆயுதப் பரவலைத் தடுக்க முனையும் ஆஸ்திரேலியா குழுவிலும் சேர்ந்தது. அவ்வமைப்புகளின் பட்டியல்களை ஒட்டியே நம் பட்டியலும் அமைகிறது. நரம்பு நச்சு தயாரிக்கும் ஆலையில் உலோகத்தை அரிக்கும் அமிலங்களை ஒரு துளியும் கசியாமல் கடத்த வேண்டியிருக்கும். ஆகவே, மணிக்கு 600 லிட்டருக்கு மேல் தள்ளும் திறனுள்ள, சீல் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) இல்லாத அல்லது பல சீல்கள் கொண்ட பம்பு ஒன்றில், திரவம் படும் பரப்பெல்லாம் நிக்கல் மிகுந்த கலப்புலோகத்தாலோ, டெஃப்லான் வகைப் பூச்சாலோ, கண்ணாடியாலோ ஆனதாக இருந்தால், அது கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடுகிறது. ஆனால் அதே பம்பு மருந்து ஆலையிலும் சாய ஆலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். பணியின் கடைசி ஆண்டுகளில், கோவை கணபதிப் பகுதியில் பட்டறை வைத்திருந்த ஒருவரின் விண்ணப்பம் கருத்துக்காக என் மேசைக்கு வந்தது. டெஃப்லான் உறையிட்ட, காந்த விசையால் சுழலும் 12 பம்புகள்; வாங்குபவர் மேற்கு ஆசிய நாடொன்றின் வணிக நிறுவனம்; பயன்பாடு என்ற கட்டத்தில் ‘குடிநீர் நிலையத்துக்கு’ என்ற ஒற்றை வரி. குடிநீருக்கு எதற்கு டெஃப்லான் உறை? வார்ப்பிரும்பு போதாதா? ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, சொல்லப்பட்ட பயன்பாட்டுக்கும் கேட்கப்பட்ட பொருளுக்கும் பொருத்தமில்லை என்று இரண்டு பக்கக் குறிப்பு எழுதினேன். நடை நன்றாக வந்திருப்பதாக எனக்கே ஒரு திருப்தி. கோப்பு மேலே போயிற்று, விளக்கம் கேட்டுக் கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. நான்கு மாதம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திர் முருகன் கோயிலில் என் மைத்துனரைப் பார்த்தபோது, பெயர் ஊர் எதுவும் சொல்லாமல், பேச்சுவாக்கில் பொதுவாக இதைக் கேட்டேன். அவர் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்தவர். “தண்ணிக்கு இல்ல அத்திம்பேர், கிருமி சாக தண்ணில கலக்கற ஹைப்போகுளோரைட்டுக்கு, சாதாரண பம்பு வெச்சா கொஞ்ச நாள்ல தின்னுடும்” என்றார். பிரசாதத் தொன்னை கையில் இருக்க, ஒரு நிமிடத்தில் முடிந்த விளக்கம் அது. மறுநாளே திருத்தக் குறிப்பு எழுதினேன். ஆனால் அதற்குள் வாங்குபவர் வேறு நாட்டில் பம்பு வாங்கிவிட்டார்.

நான் பொருளியல் படித்தவன். என் பக்கத்து அறைக்காரர் வரலாறு. புள்ளிவிவரங்களையும் சட்டப் பிரிவுகளையும் எங்களால் கரைத்துக் குடிக்க முடிந்தது. ஒரு வால்வைக் கையில் கொடுத்தால் எது மேல், எது கீழ் என்று தெரியாது. கொஞ்சம் தெரிந்துகொண்ட ஒருவர் அமைந்தாலும் மூன்றாண்டில் அவரை வேறு துறைக்கு மாற்றிவிடுவார்கள். அடுத்து வருபவர் முதலிலிருந்து தொடங்குவார். தொழில்நுட்பக் கருத்துக்காகப் பிற துறைகளுக்குக் கோப்பை அனுப்பும் வழி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்து கேட்டால்தானே உருப்படியான பதில் வரும்?

ஏற்றுமதியாளர்களையும் இதில் முழுக்க விட்டுவிட மாட்டேன். ‘தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு’ என்று ஒரே வரியில் எழுதி அனுப்பிய விண்ணப்பங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இறுதிப் பயனரின் முகவரியாக ஒரு வணிக வளாகத்தின் அறை எண் மட்டும் இருந்தால், பம்பு அந்த அறையிலா ஓடப்போகிறது என்று கேட்காமல் எப்படி இருப்பது? எந்த ஆலை, எந்தத் திரவம், எத்தனை செறிவு, ஏன் இந்த உலோகம் என்று நான்கு வரி கூடுதலாக எழுதியிருந்தால் என்னைப் போன்ற அரைகுறைகளின் கேள்விக்குறிகள் பலவும் முளைத்திருக்காது.

பொருளை யார், எதற்குப் பயன்படுத்தப்போகிறார் என்று வாங்குபவர் எழுதிக்கொடுக்கும் இறுதிப் பயனர் சான்றிதழ் எவ்வளவு கனமானது என்பதை 2025-இல் நம் வாகன உதிரிபாகத் தொழிலும் கண்டுகொண்டது. அவ்வாண்டு ஏப்ரல் 4 அன்று டிஸ்புரோசியம், டெர்பியம் உள்ளிட்ட ஏழு அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைக் கொண்ட காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியது. நாம் பிறரிடம் கேட்டுவந்த அதே இறுதிப் பயனர் சான்றிதழை நம் நிறுவனங்கள் எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருந்தன. உடனே, குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் அரிய மண் கிடக்கும்போது நாம் ஏன் கையேந்த வேண்டும் என்று பலர் எழுதினார்கள். அந்த மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமத்தில், காந்தத்துக்கு அடிப்படையான நியோடிமியம் உண்டு. ஆனால் வெப்பத்தைத் தாங்கும் காந்தத்துக்கு வேண்டிய டிஸ்புரோசியமும் டெர்பியமும் பிரித்தெடுக்கும் அளவில் இல்லை. மணலை வைத்திருப்பது வேறு, காந்தம் செய்வது வேறு. அந்த மோனசைட்டுமே 1909-இல் எப்படித் தெரியவந்தது? திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய் நார்ச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கவனித்ததால்தான். அதே சரக்கைத் துறைமுகத்தில் எடைபோட்டு அனுப்பியவர்களின் பதிவேட்டில் அது வெறும் நார்.

ஆகவே, இத்தகைய கோப்புகளைப் படிக்க அமர்த்தப்படுகிறவர்களில் பாதிப் பேராவது பொறியியலோ வேதியியலோ படித்தவர்களாக இருக்கவும், அவர்களைக் குறைந்தது ஏழெட்டு ஆண்டுகள் அதே இருக்கையில் விட்டுவைக்கவும், சேர்ந்த முதல் ஆண்டிலேயே கோவை, புனே, அங்கலேஷ்வர் போன்ற ஊர்களின் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் அனுப்பிவைக்கவும் அரசு முன்வர வேண்டும். பட்டியலின் பம்பு, வால்வு, வேதிவினைக் கலன் பகுதிகளையாவது எளிய தமிழில் விளக்கி வெளியிட வேண்டும். அது சட்ட மொழிபெயர்ப்பாக அமைந்துவிட்டால் ஒருவருக்கும் புரியாது; பட்டறையில் வேலை செய்தவரை உடன் வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

கடைசியாக, கட்டுரையில் ஒரு திருத்தம். எல்லாப் பம்புகளுக்கும் உரிமம் தேவை என்ற பொருள்பட அதில் ஒரு வரி இருந்தது. கிணற்றுக்கும் ஆழ்துளைக்கும் போடும் வழக்கமான மோட்டார் பம்புகள் இந்தப் பட்டியலில் இல்லை. அவற்றை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு தொழிலதிபர் கட்டுரையைப் படித்துவிட்டுக் கோவையிலிருந்து எனக்கே தொலைபேசியில் பேசினார். அவரைப் போல வேறு சிலரும் கலங்கியிருக்கக்கூடும் என்பதால் இதைத் தாங்கள் வெளியிட்டால் நல்லது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற மத்திய அரசு ஆய்வாளர்,
மயூர் விகார், தில்லி